அடிவரியில் படித்த உலகம்

தில்லியில் வாழும் தமிழர்க்குச் ‘சங்கம்’ என்னும் சொல்லில் ஒரு சிறு மயக்கம் நெடுங்காலமாக உண்டு. இராமகிருஷ்ணபுரத்தின் ஐந்தாம் செக்டாரில் நம் தமிழ்ச் சங்கம். ஒன்பதாம் செக்டாரிலோ ‘சங்கம்’ என்னும் பெயரிலேயே ஒரு சினிமாக் கொட்டகை. ஊரிலிருந்து புதிதாக வந்த உறவினர் ஸ்கூட்டர்க்காரரிடம் ‘சங்கம்’ என்று மட்டும் சொல்லிவிட்டால், பட்டிமன்றம் கேட்கப் புறப்பட்டவர் இந்திப் படத்தின் சுவரொட்டிக்கு முன்னால் வந்து இறங்குவார். என் மாமனார் ஒருமுறை அவ்வாறு இறங்கியதோடு நில்லாமல், வந்தது வந்தோம் என்று சீட்டு வாங்கி முழுப் படத்தையும் பார்த்துவிட்டே வீடு திரும்பினார். ஒரு சொல்லும் புரியவில்லை என்றார்; ஆனால் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பிழையின்றிச் சொன்னார்.

மொழி புரியாமல் படம் பார்ப்பது என்னும் இந்த அனுபவமே இக்கட்டுரையின் பொருள். இலக்கியக் கட்டுரைகள் இடம்பெறும் மலரில் திரைப்படத்திற்கு என்ன வேலை என்று கேட்பவர் இருக்கலாம். மொழி தெரியாத நாட்டின் வாழ்வை அறிய நமக்கு இருந்த வழிகள் இரண்டே: ஒன்று மொழிபெயர்ப்பு நூல், மற்றொன்று, படத்தின் அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடும் அயல்நாட்டுத் திரைப்படம். முன்னதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பின்னதைப் பற்றி நம் மலர்களில் அதிகம் பேசியதில்லை. இவ்விடத்தில் கணியன் பூங்குன்றனாரை மேற்கோள் காட்டுவது மரபு. மேடைதோறும் சொல்லிச் சொல்லி அந்த வரி தேய்ந்து போயிற்று. அதை விட்டுவிடுகிறேன்.

அயல்நாட்டுப் படங்களைப் பார்க்கும் வாய்ப்பில் தில்லிவாசிகள் ஒரு காலத்தில் கொடுத்து வைத்தவர்கள். 1952-இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை, தில்லி, கல்கத்தா என்று பயணம் செய்தது. 1959-இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது, அதில் இணைந்த தொடக்க காலச் சங்கங்களுள் தில்லித் திரைப்படச் சங்கமும் ஒன்று. அதை வளர்த்தவர்களில் விஜயா முளே முக்கியமானவர், 2019-இல் மறைந்தார். தூர்தர்ஷனில் ‘ஏக் அனேக்’ என்னும் சிறுவர் படத்தைக் கண்டு வளர்ந்த நம் பிள்ளைகள், அதை ஆக்கியவர் இவரே என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். தூதரகங்களின் பண்பாட்டு மையங்களும் தத்தம் நாட்டுப் படங்களைக் காட்டும். அரசு அலுவலகங்களில் எழுத்தராகவும் உதவியாளராகவும் இருந்த நம்மவர் சிலர் மாலையில் கோப்பை மூடிவிட்டு, டி.டி.சி. பேருந்தில் தொங்கியபடி அங்கே போவார்கள். எழுத்தாளர் வெங்கட் சாமிநாதன் அப்படிப் போனவர்களில் ஒருவர்.

போனவர் எல்லாரும் கலைத்தாகத்தால் போனார்கள் என்று சொன்னால் அது பொய். சங்க உறுப்பினர்க்குக் காட்டப்படும் படங்களுக்குத் தணிக்கையிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்குக்காகவே சந்தா கட்டியவர்களும் இருந்தனர். மூன்று மணி நேரம் ஓர் ஐரோப்பியக் கிழவர் பனியில் நடந்து செல்வதைப் பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்துடன் அவர்கள் வெளியேறுவதை நான் கண்டிருக்கிறேன். எதை எதிர்பார்த்து வந்தாலும் கண்ணில் பட்டது பட்டதுதான். அவர்களில் இருவர் அடுத்த வாரமும் வந்தார்கள்.

தமிழ் விமரிசனத்தில் ‘உலக சினிமா’ என்பது பெரும்பாலும் ஓர் ஏணியாகவே பயன்பட்டு வந்திருக்கிறது. அந்த ஏணியின் உச்சியில் பெர்க்மனும் குரோசாவாவும் டிசிகாவும் அமர்ந்திருப்பர்; கீழ்ப்படியில் தமிழ்ப் படம். விமரிசகர் மேலே நின்று கீழே பார்த்துத் தலையசைப்பார். இல்லையேல், எந்தத் தமிழ்ப் படம் எந்த வெளிநாட்டுப் படத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று துப்பறியும் வேலைக்கு அது உதவும். இரண்டும் முழுப் பயனற்றவை என்று சொல்லமாட்டேன். ஆயினும் உச்சியில் இருக்கும் பத்துப் பெயர்களை விட்டு நகராத இந்தப் பார்வையில் செனகலும் இலங்கையும் புரட்சிக்கு முந்திய ஈரானும் இடம்பெறுவதே இல்லை. ‘அதிகம் அறியப்படாத படம்’ என்று நாம் ஒன்றைச் சொல்லும்போது, அந்தப் படத்தின் குணத்தைச் சொல்லவில்லை. நம்முடைய அறியாமையைத்தான் சொல்கிறோம்.

இதற்குத் தில்லியிலேயே ஒரு சான்று உண்டு. 1965-இல் இங்கு நடந்த விழாவில் தங்கமயில் விருது பெற்ற படம் ‘கம்பெரலிய’. மார்ட்டின் விக்ரமசிங்கவின் சிங்கள நாவலைக் கொண்டு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963-இல் எடுத்தது. தென்னிலங்கைக் கிராமத்தில் ஒரு பெரிய வீடு மெல்லச் சரிகிறது. மகள் நந்தாவை அவள் விரும்பும் ஆங்கில ஆசிரியன் பியலுக்குக் கொடுக்கக் குடும்பப் பெருமை இடங்கொடுப்பதில்லை. சம அந்தஸ்துள்ளவனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவன் பிழைப்புத் தேடி வெளியூர் போய்த் தோற்கிறான். அவ்வளவே கதை. ஸ்டூடியோவுக்குள் செல்லாமல் வெளியிடங்களிலேயே எடுத்த படம். அந்த வீட்டின் கூடமும் தூண்களும் தஞ்சை மாவட்டத்துப் பண்ணை வீட்டை நினைவூட்டும். நமக்குப் பாக் நீரிணைக்கு அப்பால் உள்ள நாடு. நாம் வாழும் நகரிலேயே முதற்பரிசு. ஆயினும் தில்லித் தமிழரிடையே அந்தப் படத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அக்காலத்து நம் வீடுகளில் பேச்செல்லாம் எம்.ஜி.ஆரும் சிவாஜியும்தான். அதில் குற்றம் இல்லை. நானும் அந்தப் பேச்சில் கலந்துகொண்டவன்தான்.

என்னைப் பொறுத்தவரை, கண் திறந்தது வேறு ஒரு படத்தால். ஒரு பனிக்கால மாலை. பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் போய் அமர்ந்தேன். ஊஸ்மான் செம்பேன் 1968-இல் எடுத்த செனகல் நாட்டுப் படம். பெயர் ‘மண்டாபி’. அதன் பொருள் நமக்கு மிகவும் வேண்டிய ஒரு சொல்: மணியார்டர்.

கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். தாகர் நகரில் இப்ராஹிமா தியெங் என்று ஒருவர். வேலை இல்லை, ஆனால் உடையிலும் நடையிலும் கம்பீரத்திற்குக் குறைவில்லை. இரண்டு மனைவியர், மேத்தியும் ஆராமும், பல குழந்தைகள். பாரிஸில் தெருக்கூட்டும் அவருடைய மருமகன் இருபத்தையாயிரம் பிராங்குக்கு ஒரு மணியார்டர் அனுப்புகிறான். கடிதத்தில் பங்கீடும் எழுதியிருக்கிறான்: இருபதாயிரத்தை எனக்காகச் சேர்த்து வையுங்கள், மூவாயிரம் என் அம்மாவுக்கு, இரண்டாயிரம் உங்களுக்கு. தபால்காரர் வரும் நேரத்தில் தியெங் வீட்டில் இல்லை. அவருக்கு முன்பே மனைவியர்க்குத் தெரிகிறது, கடைக்காரருக்குத் தெரிகிறது, தெருவுக்கே தெரிகிறது. அரிசி கடனில் வருகிறது. உறவும் நட்பும் கைமாற்றுக் கேட்டு வாசலில் நிற்கின்றன. பணமோ இன்னும் தபால் நிலையத்தில்தான் இருக்கிறது.

அதை வாங்க அடையாளச் சீட்டு வேண்டும். அடையாளச் சீட்டுக்குப் பிறப்புச் சான்றிதழும் புகைப்படமும் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்குப் பிறந்த தேதி வேண்டும். ஏறத்தாழ 1900 என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது. படிப்பறியாத மனிதர், அலுவலக மொழியோ பிரெஞ்சு. புகைப்படக்காரனிடம் பணமும் போயிற்று, மூக்கில் இரத்தமும் வந்தது. மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. ஊரிலிருந்து சகோதரி தன் மூவாயிரத்துக்காக வந்து நிற்கிறாள். கடைசியில் உறவினன் ஒருவன், கால்சட்டை அணிந்த படித்தவன், ‘கையெழுத்திட்டுக் கொடுங்கள், நான் வாங்கித் தருகிறேன்’ என்கிறான். வாங்கியவன், பணத்தைத் திருடன் அடித்துவிட்டான் என்று சொல்லி ஒரு மூட்டை அரிசியோடு அனுப்பிவிடுகிறான்.

இந்தப் படத்தைச் சிரித்துக்கொண்டே பார்க்கலாம். செம்பேன் அப்படித்தான் எடுத்திருக்கிறார். தொடக்கத்தில் மரத்தடியில் நாவிதர் தியெங்கின் தலையை மழித்து, மூக்குத் துவாரம் வரை சுத்தம் செய்யும் காட்சியில் அரங்கம் முழுதும் சிரித்தது. எனக்கு அடுத்திருந்தவர், ‘எங்கள் ஊர் ஆற்றங்கரை’ என்றார். அவர் கோரக்பூர்க்காரர்.

நான் சிரிப்பை நிறுத்தியது அந்தப் பங்கீட்டுக் கடிதத்தில். மாதந்தோறும் சம்பளத்தன்று இராமகிருஷ்ணபுரம் தபால் நிலையத்தில் நின்று நான் நிரப்பிய படிவம் கண்முன் வந்தது. மணியார்டர்ப் படிவத்தின் அடியில் செய்தி எழுதச் சிறிய இடம் ஒன்று விட்டிருப்பார்கள். அதில் எத்தனை கணக்கு எழுதியிருக்கிறேன்! ‘அம்மாவுக்கு மருந்துக்கு இருபது, தம்பி பரீட்சைப் பணம் பதினைந்து, மீதி வீட்டுக்கு.’ ஊரில் தபால்காரர் திண்ணையில் அமர்ந்து நோட்டுகளை எண்ணும்போது அந்தச் செய்தியையும் உரக்கப் படிப்பார். என் அப்பாவுக்குக் கண் மங்கியிருந்தது. தம்பியின் பரீட்சைக் கணக்கு தெரு முழுவதும் பரவும். இவையெல்லாம் விடுமுறையில் ஊர் போனபோது கேட்டறிந்தவை. செலவுக்கணக்கு எழுதுபவனாகவே அதுவரை என்னை நான் அறிந்திருந்தேன். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் கிழவரைக் கண்டதில்லை. படத்தைப் பார்க்கும் எவரும் தம்மைத் தியெங்கின் இடத்தில் வைத்துப் பார்ப்பர். நான் தியெங் அல்லன். பாரிஸில் துடைப்பத்துடன் நிற்கும் அந்த மருமகன்தான் நான். திரையில் அவன் தோன்றும் நேரம் மிகக் குறைவு.

அந்தப் பழைய வகை மணியார்டரைத் தபால்துறை 2015-இல் நிறுத்திவிட்டது.

செம்பேன் நாவலாசிரியராகப் பெயர் பெற்றவர். மார்சேல் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். பிரெஞ்சு மொழியில் எழுதியவர். தம் மக்களில் பெரும்பாலோர்க்குத் தம் புத்தகத்தைப் படிக்கத் தெரியாது என்று உணர்ந்தபின், நாற்பது வயதை ஒட்டி மாஸ்கோவுக்குப் போய்த் திரைக்கலை பயின்றார். ‘மண்டாபி’ அவரே எழுதிய குறுநாவல். படமாக்கும்போது பாத்திரங்களை வோலோஃப் மொழியில் பேச வைத்தார். பிரெஞ்சுப் பணத்தின் உதவியோடு எடுத்த படத்தில் இது சிறிய துணிவன்று. அலுவலகங்களில் ஒலிக்கும் பிரெஞ்சு தியெங்குக்கு எவ்வாறு சுவராக நிற்கிறதோ, அவ்வாறே பார்வையாளர்க்கும் நிற்கிறது. உலகம் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் படமெடுக்கவில்லை. தாகர் தெருவில் இருப்பவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று எடுத்தார். அதனாலேயே அது இராமகிருஷ்ணபுரம் வரை வந்தது. உலகப் பொதுமை என்று பேசி எடுக்கப்படும் படங்கள் பலவற்றில் எனக்கு ஓர் ஊரும் கிடைத்ததில்லை. விமான நிலையங்களே கிடைத்தன.

இதை ஒட்டி இன்னொரு படம். தாரியுஷ் மெஹ்ர்ஜுயி 1969-இல் எடுத்த ஈரானியப் படம் ‘காவ்’, அதாவது ‘பசு’. ஒரு வறண்ட கிராமம். ஊருக்கே ஒரு பசு. அது மஷ்த் ஹசனுடையது. குளிப்பாட்டுகிறான், கொஞ்சுகிறான், கொட்டிலிலேயே படுக்கிறான். அவன் வெளியூர் போயிருந்தபோது பசு செத்துவிடுகிறது. அவன் தாங்கமாட்டான் என்று ஊரார் அதைப் புதைத்துவிட்டு, ஓடிப்போய்விட்டது என்று பொய் சொல்கிறார்கள். அவன் நம்பவில்லை. தன் பசு தன்னை விட்டு ஓடாது. நாளடைவில் கொட்டிலில் புகுந்து வைக்கோலைத் தின்னத் தொடங்குகிறான். நான் ஹசன் அல்லன், ஹசனுடைய பசு என்கிறான். அவனைக் காக்க நினைத்த ஊராரே அவனைக் கயிற்றால் கட்டி, மழையில் இழுத்துப் போகிறார்கள். நகராதபோது மாட்டை அடிப்பதுபோல் அடிக்கிறார்கள். அடிப்பவன் அந்த ஊரின் மிக நல்ல மனிதன்.

அரசின் பணத்தில் எடுக்கப்பட்ட இந்தப் படத்தை அந்த அரசே முடக்கி வைத்தது. நாட்டின் வறுமையைக் காட்டுகிறதாம். 1971-இல் எப்படியோ வெனிஸ் விழாவுக்குக் கடத்திச் செல்லப்பட்டு, அடிவரி இல்லாமலே திரையிடப்பட்டுப் புகழ் பெற்றது என்பர். என் மாமனாரை நினைத்துக்கொண்டேன்.

‘பசு’வைப் பார்த்த தமிழர்க்கு உடனே நினைவுக்கு வரவேண்டிய படம் ஒன்று உண்டு, பலர்க்கு வராது. ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அக்கிரகாரத்தில் கழுதை’. திரைக்கதை எழுதியவர் முன்பு சொன்ன வெங்கட் சாமிநாதன். தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றைக் கல்லூரிப் பேராசிரியர் வளர்க்கிறார். கேலிக்கு அஞ்சித் தம் அக்கிரகாரத்து வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். ஊமைப்பெண் ஒருத்தி அதைப் பராமரிக்கிறாள். ஊரில் நடக்கும் தீமைகளுக்கெல்லாம் அந்தப் பிராணி பொறுப்பாக்கப்பட்டுக் கொல்லப்படுகிறது. பின்னர் அதற்கே கோயில் கட்ட முனைகிறார்கள். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்தார். 1977-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழ்நாட்டில் பார்த்தவர் சிலரே. 1989-இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாவதாக இருந்து, எதிர்ப்பினால் நின்றுபோயிற்று. அந்த நாளில் நம் வீடுகளில் பலர் தொலைக்காட்சிக்கு முன் காத்திருந்து ஏமாந்தோம். ஏமாற்றம் எல்லார்க்கும் ஒரே வகையானதன்று. நின்றுபோனதே நல்லது என்றவர்களும் அண்டை வீட்டில் இருந்தார்கள். அவர்களும் படத்தைப் பார்த்தவர்கள் அல்லர்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் படத்தின் வலிமையும் மெலிவும் விளங்கும். அக்கிரகாரத்து வீடுகளின் உட்புறத்தை அதுவரை எந்தத் தமிழ்ப் படமும் அவ்வளவு அச்சமின்றிக் காட்டியதில்லை. ஊமைப்பெண்ணும் கழுதையும் சேர்ந்து வரும் காட்சிகளில் பேச்சே வேண்டியிருக்கவில்லை. ஆனால் பிற்பகுதியில், தீயும் எலும்பும் கூத்துமாகப் படம் குறியீட்டில் மூழ்கிவிடுகிறது. என் கருத்தில், நம் கழுதை ஒரு கருத்துக்காக இறக்கிறது. ஈரானியப் பசு பசுவாகவே இறக்கிறது. மெஹ்ர்ஜுயி தம் கிராமத்தாரை ஏசவில்லை. ஜான் ஆபிரகாமுக்கு ஏசாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கோபத்திற்கு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. கலைக்கு அது செய்த கேட்டையும் மறைக்கவில்லை. வெங்கட் சாமிநாதன் 2015-இல் மறைந்தார். அவர் இருந்திருந்தால் இந்த வாக்கியங்களுக்காக என்னை ஒரு வழி பண்ணியிருப்பார்.

இங்கே ஒரு வியப்பு. ஜான் ஆபிரகாமின் தாய்மொழி மலையாளம். நம் தில்லியில் பல்லாண்டு பேராசிரியராக இருந்த இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சிவெயில்’ குறுநாவலை ‘மறுபக்கம்’ என்னும் பெயரில் படமாக்கி, தமிழுக்கு முதல்முறையாக நாட்டின் சிறந்த படத்துக்கான தங்கத்தாமரை விருதைத் தேடித் தந்த கே.எஸ். சேதுமாதவனும் மலையாளத் திரையுலகைச் சேர்ந்தவரே. ஜெயகாந்தன், மகேந்திரன் முதலானோர் தமிழிலிருந்தே வந்தவர்கள்; அவர்களை நான் மறக்கவில்லை. எனினும் தமிழ் வீட்டின் கூடத்தைக் கூர்ந்து பார்த்த சில படங்கள், வாசலுக்கு வெளியே நின்றவர்களாலேயே எடுக்கப்பட்டன. அவற்றுள் இரண்டுக்குச் சொல் தந்தவர்கள், ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் தில்லியில் அமர்ந்து ஊரை நினைத்தவர்கள். வீட்டுக்குள் இருப்பவர்க்கு வீடு தெரிவதில்லை போலும். கம்பெரலியவின் பெரிய வீட்டைக் கண்டபின் நான் என் சொந்த ஊர்க் கூடத்தின் தூண்களை முதன்முறையாக எண்ணினேன். ஆறு.

இந்த வரிசையில், யாவற்றிலும் அறியப்படாத படம் இலங்கையில் எடுக்கப்பட்ட ‘பொன்மணி’. 1977-இல் வெளிவந்தது. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்னும் சிங்களர், யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக ஆசிரியராகப் பணியாற்றியவர், 2018-இல் காலமானார். திரைக்கதை காவலூர் ராஜதுரை. யாழ்ப்பாணத்து நடுத்தர வீடு ஒன்றில் சீதனம் கொடுக்க வழியில்லாமல் மூத்த பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது. அவள் காத்திருக்க, இளையவளும் காத்திருக்க வேண்டும். பொன்மணி காத்திருக்கவில்லை. வேறு சாதியைச் சேர்ந்த தன் காதலனோடு வீட்டை விட்டுப் போகிறாள். சாதி அவளை விடுவதில்லை.

உரத்த வசனம் இல்லை. வெயிலும் வேலியும் காத்திருப்பும்தான் படம். தமிழகத்துப் படங்களில் ஊறியிருந்த யாழ்ப்பாண இரசிகர்க்கு இது பிடிபடவில்லை, படம் ஓடவில்லை. சென்னையும் அதை வரவேற்றுக் கொண்டாடவில்லை. தமிழகத்துப் படங்கள் ஆண்டுதோறும் கடல் கடந்து அங்கே போயின. அங்கிருந்து ஒன்று இங்கே வருவதற்கு வழி இருக்கவில்லை. இதன் விளைவு விபரீதமானது. யாழ்ப்பாணத்துத் தமிழ் நம்மில் பலர்க்கு இன்றும் பாதி அயல்மொழி. ‘பொன்மணி’யின் படி ஒன்றை மிகப் பிற்காலத்தில் பார்க்க நேர்ந்தபோது, அதிலிருந்த சில உரையாடல்களைப் பிடிக்க நான் அடிவரியைத் தேடினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். செனகலின் வோலோஃபுக்கும் யாழ்ப்பாணத்துத் தமிழுக்கும் என் கண் ஒரே இடத்துக்குப் போயிற்று. திரையின் அடிப்பகுதிக்கு.

சில ஆண்டுகளுக்குப் பின் அந்த மண்ணுக்கு நேர்ந்தது யாவரும் அறிந்ததே. படம் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்கு முந்திய ஒரு வீட்டைப் பற்றிப் பேசுகிறது. போருக்கு முந்திய அந்த முற்றங்களையும் ஒழுங்கைகளையும் அசையும் படமாகக் காண விரும்புவோர்க்கு வேறு இடங்கள் மிகச் சிலவே.

தில்லியின் அந்தக் காலம் முடிந்துவிட்டது. இந்தியாவின் சர்வதேச விழா 2004 முதல் கோவாவுக்குப் போய்விட்டது. ஆசியப் படங்களுக்கென்று 1988-இல் ‘சினிமாயா’ என்னும் இதழைத் தில்லியிலிருந்து தொடங்கி, 1999-இல் ஆசியத் திரைப்பட விழா ஒன்றையும் இங்கே உருவாக்கிய அருணா வாசுதேவ் 2024-இல் மறைந்தார். ஆனால் படங்கள் முன்னிலும் எளிதாகக் கிடைக்கின்றன. ‘மண்டாபி’யைப் புதுப்பித்திருக்கிறார்கள், மணிப்பூரின் ‘இஷானோ’வும் மலையாளத்தின் ‘தம்பு’ம் புதுப்பிக்கப்பட்டு வெளிநாட்டு விழாக்களில் திரையிடப்பட்டன. பேருந்தில் தொங்க வேண்டியதில்லை. கைப்பேசியில் பார்க்கலாம். பார்ப்பவர்தாம் முன்னினும் குறைவோ என்று தோன்றுகிறது. எல்லாம் கிடைக்கும்போது எதைத் தேடுவது?

சென்ற குளிர்காலத்தில், குர்கானில் வளரும் என் பேத்தியோடு ‘மண்டாபி’யை மறுபடி பார்த்தேன். அவள் தமிழ் பேசுவாள். வீட்டுக்குள் மட்டும், அதுவும் பாதி. படம் தொடங்கியதும் முதற்கேள்வி, ‘மணியார்டர் என்றால் என்ன தாத்தா?’ விளக்கினேன். திண்ணை என்றால் என்ன என்பதையும் விளக்க வேண்டியிருந்தது. அதன்பின் இருவரும் சமமாக அமர்ந்து அடிவரியைப் படித்தோம். அவள் என்னைவிட விரைவாகப் படித்தாள். சிரிக்க வேண்டிய இடங்களில் என்னை முந்திச் சிரித்தாள்.

மறுநாள் ஒரு பழைய தமிழ்ப் படம் பார்த்தோம். அப்போதுதான் கவனித்தேன். நான் திரையின் நடுவில் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய கண்கள் முதல்நாள் இருந்த அதே இடத்தில், திரையின் அடியில் இருந்தன. அத்தை வந்தாள், சித்தி வந்தாள், பெரியம்மா வந்தாள். மூவருக்கும் கீழே ஓடியது ஒரே ஆங்கிலச் சொல். பெரியம்மாவின் அதட்டலுக்கும் அத்தையின் குத்தலுக்கும் உள்ள வேறுபாடு அவளுக்குப் போய்ச் சேரவில்லை. படத்தை நிறுத்தி, யார் யாருக்கு என்ன உறவு, அத்தை பேசினால் வீட்டில் ஏன் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள், மாமியாராகப் போகிறவள் என்னும் பொருள் அந்த ஒரு சொல்லில் எப்படி அடங்கியிருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். கொஞ்சம் கோபத்தோடுதான் சொன்னேன் போலும். ‘கீழே படித்தால் இதெல்லாம் உனக்குப் போய்விடும்’ என்றேன்.

அவள் சிறிது யோசித்துவிட்டுக் கேட்டாள்: ‘அப்படியென்றால் நேற்றைய படத்தில் உங்களுக்கு என்னவெல்லாம் போயிற்று, தாத்தா?’

எழுந்து தேநீர் போடப் போனேன். தியெங்கின் மனைவியர் இருவரும் ஒருவரையொருவர் என்ன முறை சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது.